கை மட்டும் தூங்கட்டும்

“முழு மயக்கம் மட்டும் வேண்டாம் டாக்டர். மத்தபடி என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க” என்றார் எலக்ட்ரீஷியன்.

உடைந்த வலது மணிக்கட்டைக் கைக்குழந்தையைப் போல இடது கையில் ஏந்தியிருந்தார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள தகடு வச்சு ஸ்க்ரூ போடணும் சார். நீங்க பாட்டுக்குத் தூங்குங்க, நான் பாட்டுக்கு வேலையை முடிச்சிடறேன். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

“தூக்கம்தான் டாக்டர் எனக்கு எதிரி.”

டாக்டர் படத்தைத் தாழ்த்திவிட்டு அவரைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் ஓரக்கண்ணால் பார்த்தார். பக்கத்திலேயே மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். மனிதர் தூக்கத்தில் பேசுவார். வெறுமனே உளறினால்கூடப் பரவாயில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அதுவும் உண்மையான பதில். கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்ட மனைவி, அன்று முதல் பகலில் அவரிடம் எதையும் விசாரிப்பதே இல்லை. பூச்சாடியை உடைத்தது யார், குடையை எங்கே தொலைத்தார், அவளுடைய தையல்கடைக் கத்திரிக்கோலால் ஒயர் வெட்டியது யார், எல்லாம் அவர் கண்ணயர்ந்த பிறகு ஒரே கேள்வியில் வெளியே வந்துவிடும்.

ஒரே ஒரு ரகசியம் மட்டும் இத்தனை வருஷமாகத் தப்பிப் பிழைத்திருந்தது. அதைப் பற்றி யாருக்கும் கேட்கத் தோன்றாததுதான் காரணம். ஆனால் இன்றைக்கு நிலைமை வேறு. இன்றைக்கு எல்லார் வாயிலும் அந்த மின்விசிறிப் பேச்சுதான்.

அந்த மின்விசிறி அவருடைய மாமனாரின் மின்விசிறி. மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது, கையோடு கழற்றிக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டச் சொன்ன மின்விசிறி. காலையில் அது முனகியது. எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறினார். மாமனார் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஸ்டூல் மேல் ஏறினால்கூடத் தலை சுற்றும் என்று, எரிந்துபோன பல்பைக்கூட மாப்பிள்ளை வரும் வரை அப்படியே விட்டுவைக்கிற ஆள் அவர்.

“மாப்ளே, பார்த்து. உங்களுக்கும் அந்த ஃபேனுக்கும் ஆகாது” என்றார் கீழேயிருந்து.

மாப்பிள்ளை பதில் சொல்லத் திரும்பினார். ஏணி திரும்பவில்லை. மாப்பிள்ளையின் மணிக்கட்டு தரையிலும், ஏணி மாமனாரின் கணுக்காலிலும் போய் விழுந்தன. இருவரும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வழியெல்லாம் மாமனார் வண்டிக்காரருக்குப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பழைய கதையை அந்த வட்டாரத்தில் கேட்காதவர் கிடையாது. முன்னொரு காலத்தில் மாமனார் வீட்டு மின்விசிறி நின்றுபோக, அதைச் சரிசெய்ய ஓர் இளம் எலக்ட்ரீஷியன் வந்தார். செய்துவிட்டுப் போனார். மறுவாரமே அது நின்றது. மறுபடி வந்தார். மறுபடி நின்றது. இப்படி எத்தனை தடவை என்பது கேட்கிறவரைப் பொறுத்தது. சொந்தக்காரர்களிடம் ஐந்தாறு தடவை என்பார். வெளியாட்களிடம் பத்துக்குக் குறையாது. வண்டிக்காரரிடம் பதினைந்தாகிவிட்டது.

கதையின் கடைசி வாக்கியம் மட்டும் மாறாது. “தொழில் தெரியாதவருதான். ஆனா யோக்கியரு. அத்தனை தடவை வந்தும் ரெண்டாவது கூலின்னு வாயைத் திறக்கலியே! அந்த ஒரு குணத்துக்காகத்தான் பொண்ணைக் குடுத்தேன்.”

மாமனார் வாயால் யோக்கியன் என்று பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற உத்தியோகத்தில் இருந்தவர். தன்னை ஏமாற்றிய ஒரு மளிகைக்கடைக்காரரோடு, அவர் மன்னிப்புக் கேட்ட பிறகும், அந்தக் கடைக்காரர் சாகும் வரை பேசவில்லை. செத்த பிறகுதான் போய், “நல்ல மனுஷன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார்.

எலக்ட்ரீஷியனின் ரகசியமோ இதுதான். அந்த மின்விசிறி தானாக நிற்கவில்லை. முதல் தடவை வந்தபோது, கூடத்து மூலையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். கிளம்பும்போது, மேலே ஒயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை அவர் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் போனார். அடுத்த தடவையும் அதையே செய்தார். அதற்கடுத்த தடவையும். மாமனார் கணக்கில் எத்தனை தடவையோ அத்தனை தடவையும்.

ஊரில் பெரிய பெரிய கட்டடங்களுக்கெல்லாம் ஒயரிங் செய்தவர், வீட்டில் மட்டும் ஃபேன் மாட்டத் தெரியாதவர் என்ற பெயரை இத்தனை காலம் சுமந்தார். உண்மையைச் சொன்னால் தொழில் தெரிந்தவர் என்ற பெயர் வந்துவிடும். யோக்கியர் என்ற பெயர் போய்விடும். மாமனார் பேச்சை நிறுத்திவிடுவார். கிண்டல் இல்லாத சாப்பாட்டு மேஜையை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை. சொல்லப்போனால், அந்தக் கிழவரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

எலும்பு டாக்டர், மயக்கம் கொடுக்கிற டாக்டரை வரவழைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணி வந்தார்.

“தூங்க வேண்டாம்னா வேற வழி இருக்கு. கழுத்தெலும்புக்கு மேல ஒரு ஊசி. கைக்குப் போற நரம்பெல்லாம் அங்க ஒரு கட்டா ஓடுது. அதைச் சுத்தி மருந்து போட்டா கை மட்டும் மரத்துப் போகும். நீங்க முழிச்சுக்கிட்டே இருக்கலாம்.”

எலக்ட்ரீஷியனின் முகத்தில் பல்பு எரிந்தது.

“அதாவது மெயினை அணைக்காம, அந்த ஒரு லைனோட ஃப்யூஸை மட்டும் பிடுங்கறீங்க!”

“கிட்டத்தட்ட.”

“பிரமாதம் டாக்டரம்மா! ஒரு ரூம்ல வேலைன்னா எதுக்கு வீட்டையே இருட்டாக்கணும்?”

பின்னால் சக்கர நாற்காலியில் இருந்த மாமனார் தொண்டையைச் செருமினார். காலையிலிருந்தே லேசாக இருமிக்கொண்டுதான் இருந்தார்.

“எனக்கு வீட்டையே இருட்டாக்கிடுங்கம்மா. என் காலை அறுக்கறதை நானே கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியாது. நல்லாத் தூங்கற மாதிரி போட்டுவிடுங்க.”

“அப்பா, சத்தம் போடாதீங்க” என்றாள் மகள்.

“மாப்ளே தைரியசாலிம்மா. நான் கோழை. ஒத்துக்கறேன்” என்றார் மாமனார்.

எலக்ட்ரீஷியன் மனதுக்குள் ஒரு பெருமூச்சு விட்டார். தான் முழித்திருப்பார், மாமனார் தூங்குவார். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உலகத்திலேயே கிடையாது.

ஊசி போடும் அறையில் இரண்டு கட்டில்கள், நடுவே பச்சைத் திரை. மாமனாரை முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு எலக்ட்ரீஷியனைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது, திரை இடுக்கில் மாமனாரின் முகம் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. வாய் பிளந்திருந்தது.

“பெரியவருக்குப் போட்டாச்சு” என்றார் நர்ஸ்.

டாக்டரம்மா சின்னத் திரை ஒன்றில் கழுத்தின் உட்புறத்தைக் காட்டினார். “இந்தக் கொத்து தெரியுதா? இதுதான் நரம்பு. அது சரியா அதுதானான்னு பார்க்க மெல்லிசா கரண்ட் குடுப்பேன்.”

“கரண்டா?” எலக்ட்ரீஷியன் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“கொஞ்சூண்டுதான். விரல் தானா ஆடும்.”

“எர்த் எங்க இருக்கு?”

“படுங்க சார்.”

வலது கைக் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவர் “ஷாக்! லீக்கேஜ்!” என்று கத்திக்கொண்டு கட்டிலை விட்டு ஒரு ஜாண் எம்பினார். தலைமாட்டில் இருந்த கருவி பீப் பீப்பென்று அலறியது.

“எத்தனை வீட்டுக்குக் கரண்ட் குடுத்திருக்கீங்க, ஒரு துளிக்குப் போய் இப்படிப் பயப்படறீங்களே!”

“குடுத்துத்தான் டாக்டரம்மா பழக்கம். வாங்கிப் பழக்கமில்ல.”

ஊசி வேலை முடிந்தது. ஆனால் நாடித்துடிப்பு இறங்கவில்லை. தோள் கனத்தது, முழங்கை வெதுவெதுப்பானது, பிறகு கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வயிற்றின் மேல் ஏதோ ஒன்று கிடப்பதைப் பார்த்தார்.

“சிஸ்டர், இங்க யாரோ கையை வச்சுட்டுப் போயிட்டாங்க.”

“அது உங்க கைதான் சார்.”

எடுத்துப் பார்ப்போம் என்று இடது கையால் தூக்கினார். கை நழுவி, நர்ஸ் ஏந்தியிருந்த தட்டைத் தட்டிவிட்டது. பஞ்சும் கத்திரிக்கோலும் நாலாபக்கமும் சிதறின. கருவி இன்னும் வேகமாக அலறியது.

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இப்படி இருந்தா ஆபரேஷன் ஆரம்பிக்க முடியாது. லேசா ஒரு மருந்து விடறேன். பாதித் தூக்கம் மாதிரி இருக்கும். யாராவது கேட்டா பதில்கூடச் சொல்லுவீங்க.”

எலக்ட்ரீஷியனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. முழுத் தூக்கத்தைவிடப் பாதித் தூக்கம்தான் ஆபத்து. அவர் அதிகம் பேசுவதே அதில்தான்.

“வேண்டாம் டாக்டரம்மா! நான் அமைதியாயிடறேன். இதோ, அமைதியாயிட்டேன்!” என்று கத்தினார்.

“ஒண்ணு மருந்து, இல்லேன்னா என்ன பயம்னு என்கிட்டச் சொல்லுங்க. உள்ள வச்சுக்கிட்டு இருந்தா துடிப்பு இறங்காது.”

அவர் பச்சைத் திரையைப் பார்த்தார். தயங்கினார். அந்த நேரம் பார்த்துத் திரைக்கு அப்பாலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. சின்னதாக ஆரம்பித்து, விசிலடித்து முடிந்தது. அவர் மேலும் தயங்கினார். குறட்டை இன்னும் பலமாக, இன்னும் நம்பிக்கை தரும்படி வந்தது.

“சொல்றேன்” என்றார் எலக்ட்ரீஷியன்.

சொன்னார். துணி வெட்டிக்கொண்டிருந்த பெண்ணையும், அந்த ஒரு பார்வையையும், அரைச் சுற்றுத் தளர்த்திய ஸ்க்ரூவையும் சொன்னார். யோக்கியன் என்று மாமனார் சொல்லும்போதெல்லாம் தட்டை விட்டு நிமிராமல் சாப்பிட்டதைச் சொன்னார்.

“அவர் முகத்துல ஒரு நாள்கூட முழிக்க முடியாம போயிடும் டாக்டரம்மா. கிண்டல் பண்ணிட்டுப் போகட்டும். பேசாம மட்டும் இருந்துடக் கூடாது.”

நர்ஸ் பஞ்சு பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருவியின் பீப் சத்தம், ஓடி முடித்த மின்விசிறி போல மெதுவாக இறங்கி, ஒரே சீரானது.

“பார்த்தீங்களா? மருந்தே வேண்டாம்” என்றார் டாக்டரம்மா.

குறட்டையும் நின்றிருந்தது. எலக்ட்ரீஷியன் அதைக் கவனிக்கவில்லை.

ஆபரேஷன் அறையில் அவர் ராஜா மாதிரி படுத்திருந்தார். இத்தனை வருஷத்துப் பாரத்தை இறக்கிவைத்த சுகத்தில் கால் விரல்களை ஆட்டிக்கொண்டார். ஒரே ஒரு தடவைதான் குழப்பம் வந்தது. தன் கை வயிற்றின் மேலேயே கிடப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்க, மருந்து பூசிய மஞ்சள் கை ஒன்று அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது.

“டாக்டர், எனக்கு அவசரமில்ல. அந்தப் பேஷன்ட்டை முதல்ல கவனிங்க” என்றார் பெருந்தன்மையாக.

“சார், அதுவும் நீங்கதான்.”

பிறகு டிரில் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் காதைத் தீட்டிக்கொண்டார். “பிட்டு கொஞ்சம் மழுங்கின மாதிரி சத்தம் வருதே டாக்டர்?”

“இன்னைக்குத்தான் பிரிச்சது. புத்தம் புதுசு.”

“அப்ப என் எலும்புதான் கெட்டி” என்று சொல்லித் திருப்தியோடு மேலே விளக்கை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

பிற்பகலில் வார்டில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எலக்ட்ரீஷியனின் கை கட்டோடு தூளியில் தொங்கியது. மாமனாரின் கால் தலையணை மேல் உயர்ந்திருந்தது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். மனைவி இருவருக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதாங்க?”

“கையே இல்ல, அப்புறம் வலி எங்கேருந்து வரும்? உங்கப்பாவைப் பாரு. இன்னும் தெளியல. முழு மயக்கம்னா அப்படித்தான். பாவம், வயசாயிடுச்சு.”

ஊசி போடும் அறையில் இருந்த அதே நர்ஸ் மாத்திரையோடு வந்தார்.

“முழு மயக்கமா? அவருக்கா? இல்லியே!” என்றார். “நெஞ்சுல சளி இருக்கு, இருமல் வேற. தூங்க வைக்கறது நல்லதில்லேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. முழங்காலுக்குப் பின்னால ஊசி போட்டு, காலை மட்டும்தான் மரக்க வச்சோம். உங்களை மாதிரியேதான் சார். காலையிலேருந்து ஒரு நிமிஷம்கூடக் கண்ணசரல அவரு.”

எலக்ட்ரீஷியனுக்கு மரக்காத இடமெல்லாம் மரத்தது.

“ஆனா... குறட்டை?”

“குறட்டை விட்டா மாதிரிதான் இருந்துச்சு” என்று நர்ஸ் யோசித்தார். “நீங்க பேச ஆரம்பிச்சப்ப ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வாயில விரலை வச்சுக் காட்டினாரு. அவருக்குச் சத்தம் பிடிக்கலையாக்கும்னு நினைச்சேன்.”

மாத்திரையை வைத்துவிட்டு அவர் போய்விட்டார். மனைவி ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னங்க, என்ன பேசினீங்க அங்க?”

எலக்ட்ரீஷியன் எழுந்து போய்விடலாம் என்று அவசரமாகப் புரண்டார். தூளியிலிருந்து நழுவிய கை, கட்டோடு சுழன்று வந்து அவர் மூக்கிலேயே இடித்தது. “ஐயோ!” என்று மறுபடி தலையணையில் சாய்ந்தார்.

அந்தச் சத்தத்துக்கு மாமனார் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தார். வார்டின் மின்விசிறி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“மாமா...” என்று எலக்ட்ரீஷியன் ஆரம்பித்தார். “அந்த ரூம்ல நான் ஏதாவது சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. மருந்து வேகத்துல வாய்க்கு வந்ததை உளறியிருப்பேன்.”

“மருந்து கைக்குத்தானே மாப்ளே போட்டாங்க?” என்றார் மாமனார். “வாய்க்குப் போடலியே.”

எலக்ட்ரீஷியன் இடது கையால் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

“அப்பா, என்ன விஷயம்? யாராவது சொல்லித் தொலைங்களேன்!” என்றாள் மகள்.

“உன் புருஷன் தொழில் தெரியாம ஃபேனைக் கெடுக்கலியாம். உன்னைப் பார்க்க வர்றதுக்காக, வந்த ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவைத் தளர்த்தி வச்சுட்டுப் போனாராம்.”

மகளின் கையிலிருந்த சுளை மடியில் விழுந்தது. அவள் முகம் சிவந்தது கோபத்திலா வேறெதிலா என்று எலக்ட்ரீஷியனால் நிச்சயிக்க முடியவில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல.

“மாமா, என்னைத் திட்டுங்க. அந்தக் கட்டுப்போட்ட காலாலேயே உதைங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க.” இடது கையை மாமனாரின் கட்டில் பக்கம் நீட்டினார். “தப்புதான். ஏமாத்தினது ஏமாத்தினதுதான்.”

“என் சர்வீஸ்ல ஒரு கிராம் குறைஞ்சாலும் நான் விட்டதில்ல. தெரியும்ல?”

“தெரியும் மாமா.”

“தராசு தட்டுக்கு அடியில புளியை ஒட்டி வச்சவனைக்கூட முகத்தைப் பார்த்தே பிடிச்சிருக்கேன். ஒரு பையன் என் வீட்டுக்கு வந்து, ஸ்க்ரூவைத் தளர்த்திட்டு, வேர்க்க விறுவிறுக்க இறங்கி, என் பொண்ணைப் பார்த்துட்டு, வாசப்படியில தடுக்கி விழுந்துட்டுப் போறான். எனக்குத் தெரியாம இருக்குமா?”

எலக்ட்ரீஷியன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். “அப்ப... அப்பவே தெரியுமா? தெரிஞ்சும் ஏன் மாமா திரும்பத் திரும்பக் கூப்பிட்டீங்க? ஃபேன் நின்னா நிக்கட்டும்னு வேற ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே?”

மாமனார் மெல்லத் தலையைத் திருப்பினார். மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆரஞ்சில் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“எங்க நின்னுச்சு மாப்ளே? உங்களுக்குக் கெடுக்கவும் தெரியல. நீங்க தளர்த்தின அரைச் சுத்துக்கு அது பாட்டுக்கு ஜம்முனு ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஒவ்வொரு வாரமும் மேஜை மேல நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஏறி ஒயரைப் பிடுங்கி விட்டது நான்.”